ஓடவா, எடை தூக்கவா?

கேள்வி: எனக்கு வயது 17. 200 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீந்துகிறேன். 150 மீட்டர் வரை சிரமமில்லை. கடைசி 50 மீட்டரில் கைகள் கனத்து வேகம் விழுந்துவிடுகிறது. தினமும் ஓடினால் தாக்குப்பிடிக்கும் திறன் கூடுமா? எடை தூக்கினால் உடம்பு இறுகி நீச்சல் மந்தமாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: ஓட்டம் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நல்லது, ஆனால் உங்கள் குறைக்கு அது மருந்தல்ல. ஓடும்போது உழைப்பவை கால்கள். ஃப்ரீஸ்டைலில் உடலை முன்னே செலுத்தும் விசையில் பெரும்பங்கைத் தருபவை கைகளும், மார்பும், முதுகின் அகன்ற தசைகளுமே. போதாக்குறைக்கு, நீரில் நினைத்தபோதெல்லாம் மூச்சு இழுக்கவும் முடியாது. எனவே தாக்குப்பிடிக்கும் திறனைக் குளத்திலும் வலுவைத் தரையிலும் வளர்ப்பதே சரி என்பேன். குளத்தில் இறங்க வழியில்லாத நாட்களில் தாராளமாக ஓடுங்கள்.

எடைப் பயிற்சியைப் பற்றிய பயம் தேவையற்றது. உங்களால் இயன்ற உச்ச வலு கூடும்போது, அதே வேகத்தில் நீந்த ஒவ்வொரு கைவீச்சுக்கும் அந்த வலுவில் சிறிய பங்கே செலவாகும் என்பதால், களைப்பு தள்ளிப்போகும். மூட்டுகளை அவை அசையக்கூடிய எல்லை வரை அசைத்துச் செய்யும் பயிற்சி உடலை இறுக்காது. புல் அப் (கம்பியில் தொங்கி உடலை மேலே இழுப்பது), ஸ்குவாட் (முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழுவது), பிளாங்க் (முன்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலை நேராக நிறுத்துவது) ஆகியவற்றிலிருந்து தொடங்கி, அசைவு பிசகாமல் வந்த பிறகு, பயிற்சியாளரின் மேற்பார்வையில் எடையைக் கூட்டுங்கள். வாரம் இரண்டு நாள், இடையில் 48 மணி நேர ஓய்வுடன், போதுமானது. ஸ்குவாட்டை அலட்சியப்படுத்த வேண்டாம்: உங்கள் போட்டியில் 50 மீட்டர் குளமென்றால் 3 திருப்பங்கள், 25 மீட்டர் குளமென்றால் 7, ஒவ்வொன்றிலும் சுவரை உதைப்பவை கால்கள்தாம்.

பலரும் கைவிடுவது தோள் பயிற்சியை. நீச்சல் தோளை உள்நோக்கித் திருப்பும் தசைகளையே மேலும் மேலும் வலுவாக்குவதால், வெளிநோக்கித் திருப்பும் சிறு தசைகள் பின்தங்கி, நாளடைவில் வலிக்கு இடம் கொடுக்கின்றன. அசையாத ஒரு கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டி, முழங்கையை 90 பாகை மடக்கி விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை மட்டும் மெதுவாக வெளிப்பக்கம் திருப்புங்கள். முழங்கைக்கும் விலாவுக்கும் இடையே மடித்த துண்டு ஒன்றை வையுங்கள். அது கீழே விழுந்தால் வேறு தசைகள் வேலை செய்கின்றன என்று பொருள். ஒரு தடவைக்கு 15 முறை, இரண்டு தடவை செய்யலாம். வலித்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

இன்னொன்று: முதல் 50 மீட்டரை எத்தனை நொடிகளில் முடிக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அங்கே அளவுக்கு மீறிப் பாய்ந்தால், எந்தப் பயிற்சியும் கடைசி 50 மீட்டரைக் காப்பாற்றாது.

கேள்வி: தரைப் பயிற்சியை நீந்துவதற்கு முன் செய்வதா, பின்பா?

பதில்: அன்றைய நீச்சலில் வேகமோ நுட்பமோ முக்கியமென்றால், நீந்திய பிறகு செய்யுங்கள். களைத்த தோளோடு நீந்தினால் முழங்கை தாழ்ந்து, அந்தத் தவறே பழகிவிடும். வலுவே அன்றைய நோக்கமென்றால், முதலில் எடை, சில மணி நேரம் கழித்து இலகுவான நீச்சல்.