எல்லாம் ஒரு நாள் முடியுமென்றால் எதற்குப் படிக்க வேண்டும்?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அண்டம் எப்படி அழியும் என்பதைப் பற்றிய சில காணொளிகளைக் கைபேசியில் பார்த்ததிலிருந்து இரவில் சரியாகத் தூங்குவதில்லை. "சூரியன் அணையும், விண்மீன்கள் எல்லாம் அணையும், ஒருவேளை நாளைக்கே ஒரு நொடியில் எல்லாம் மறைந்துவிடலாம் என்கிறார்கள்; அப்படியென்றால் நான் எதற்குப் படிக்க வேண்டும்?" என்று கேட்கிறாள். "அதெல்லாம் கோடிக்கணக்கான வருடங்கள் கழித்து" என்று சொல்லிப் பார்த்தேன், சமாதானமாகவில்லை. அறிவியல் உண்மையில் என்ன சொல்கிறது? அவளிடம் எவ்வளவு சொல்லலாம்? காணொளி பார்ப்பதையே நிறுத்திவிடவா?
– ஒரு தாய்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

எல்லாவற்றையும் சொல்லுங்கள். உங்கள் மகள் ஒரே மூச்சில் இரண்டு கேள்விகளைக் கேட்டிருக்கிறாள். ஒன்று, இது திடீரென்று நடந்துவிடுமா என்ற அச்சம். மற்றது, முடிவுள்ள ஓர் உலகில் படிப்புக்கு என்ன பொருள் என்ற கேள்வி. "கோடிக்கணக்கான வருடங்கள்" என்ற சொல் முதல் கேள்விக்கு அரைகுறையாகப் பதில் சொல்கிறது. இரண்டாவதைத் தொடவே இல்லை. அவள் சமாதானமாகாததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அச்சத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். "நாளைக்கே ஒரு நொடியில்" என்று அவள் கேட்டது பெரும்பாலும் வெற்றிடச் சிதைவு என்ற கருத்தாகத்தான் இருக்கும். 1980-இல் சிட்னி கோல்மன், ஃபிராங்க் டி லூச்சியா ஆகிய இயற்பியலாளர்கள் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். வெற்றிடம் என்று நாம் அழைப்பது ஆற்றலின் அடிமட்ட நிலையாக இல்லாமல், அதற்குச் சற்று மேலே தங்கி நிற்கும் ஒரு நிலையாக இருக்கலாம். அப்படியானால் எங்கோ ஓரிடத்தில் அது இன்னும் தாழ்ந்த நிலைக்கு நழுவி, அந்த மாற்றம் ஒரு குமிழியாகக் கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் பரவலாம் என்பது அந்தக் கருத்து. 2012-இல் ஹிக்ஸ் துகள் (மற்ற அடிப்படைத் துகள்களுக்கு நிறை கிடைப்பதோடு தொடர்புடைய துகள்) கண்டறியப்பட்டு அதன் நிறையும் அளக்கப்பட்ட பிறகு, இன்றைய துகள் இயற்பியல் கோட்பாடு அப்படியே சரியென்று கொண்டால் நம் வெற்றிடம் அத்தகைய நிலையில்தான் இருக்கக்கூடும் என்று கணக்குகள் காட்டுகின்றன. காணொளிகள் இதோடு நிறுத்திவிடுகின்றன. அதே கோட்பாட்டைக் கொண்டு, அந்த நிலை எவ்வளவு காலம் தாங்கும் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள்: 2018-இல் வெளியான ஒரு விரிவான கணக்கின்படி, 95 விழுக்காடு நம்பிக்கையோடு, அது 1-க்குப் பின் 58 சுழியங்கள் இட்டு எழுதும் ஆண்டுகளுக்கும் மேல். அண்டத்தின் இன்றைய வயது 1380 கோடி ஆண்டுகள், அதாவது 11 இலக்க எண். இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக அவளையே எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். துகள் மோதல் கருவிகள் இதைத் தூண்டிவிடும் என்று சொல்பவர்களும் உண்டு. மனிதர் கட்டிய எந்தக் கருவியும் தொடாத ஆற்றலில், விண்வெளியில் பாய்ந்துவரும் துகள்களான காஸ்மிக் கதிர்கள் கோடானுகோடி ஆண்டுகளாக எங்கும் மோதிக்கொண்டே இருக்கின்றன. அண்டம் அப்படியேதான் இருக்கிறது.

சூரியனைப் பற்றி அவள் கேட்டது உண்மை. அதன் வயது சுமார் 460 கோடி ஆண்டுகள். இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகளில் அதன் மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்து, செம்பெரும் விண்மீனாக ஊதிப் பெருத்து, கடைசியில் வெண்குள்ளனாக, அதாவது எரிபொருள் தீர்ந்த சிறிய, அடர்ந்த விண்மீன் எச்சமாக ஒடுங்கும். ஆனால் இது ஒரு விண்மீனின் முதுமை, அண்டத்தின் முடிவல்ல. இவை இரண்டையும் ஒரே படலத்தில் கலந்து காட்டுவதால்தான் பிள்ளைகளுக்கு எல்லாம் ஒரே பேரழிவாகத் தெரிகிறது.

சூரியனுக்கு மிக அருகில் உள்ள விண்மீனையே பாருங்கள். பிராக்சிமா சென்டாரி 4.24 ஒளியாண்டு (ஒளி ஓராண்டில் கடக்கும் தூரம் ஓர் ஒளியாண்டு) தொலைவில் இருந்தும் வெறுங்கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கலானது. செந்நிறக் குள்ளன் என்ற வகையைச் சேர்ந்தது. சூரியனின் நிறையில் எட்டில் ஒரு பங்குதான் இருக்கும். ஆனால் எரிபொருளை அவ்வளவு சிக்கனமாகச் செலவிடுவதால் அது ஏறத்தாழ 4 லட்சம் கோடி ஆண்டுகள் ஒளிரும். அண்டம் பிறந்து இன்றுவரை கழிந்த காலத்தைப் போல 290 மடங்கு! நம்மைச் சுற்றியுள்ள விண்மீன்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு இத்தகைய செந்நிறக் குள்ளர்கள்தாம். அண்டத்தின் வரலாற்றில் இவற்றில் ஒன்றுகூட இதுவரை முதுமையால் அணைந்ததில்லை, ஏனென்றால் அதற்கான காலமே இன்னும் ஆகவில்லை.

அதன் பின் என்ன ஆகும் என்பதை ஃபிரெட் ஆடம்ஸ், கிரெகரி லாஃப்லின் என்ற இரு வானியலாளர்கள் 1997-இல் முறையாகக் கணக்கிட்டார்கள். இன்னும் சுமார் 100 லட்சம் கோடி ஆண்டுகளில் புதிய விண்மீன்கள் பிறப்பது நின்றுபோகும். எஞ்சுவன வெண்குள்ளர்களும், அவற்றைவிடவும் அடர்ந்த எச்சங்களான நியூட்ரான் விண்மீன்களும், கருந்துளைகளும். கருந்துளைகளும் நிலையானவை அல்ல. அவை மிக மெல்லக் கதிர்வீசி ஆவியாகும் என்று ஸ்டீஃபன் ஹாக்கிங் 1974-இல் காட்டினார். சூரிய நிறையுள்ள ஒரு கருந்துளை மறைய 1-க்குப் பின் 67 சுழியங்கள் இடும் ஆண்டுகள் ஆகும். மிகப் பெரியவற்றுக்கு ஏறத்தாழ 100 சுழியங்கள். எல்லாம் ஆனபின் மிக நீர்த்த, மிகக் குளிர்ந்த கதிர்வீச்சும் சில துகள்களுமே இருக்கும். இதை வெப்பச் சாவு என்பார்கள். வெப்பம் மிகுந்து சாவது என்று பலர் தவறாக எண்ணிக்கொள்கிறார்கள். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் பாயும் வரைதான் நீராலைச் சக்கரம் சுழலும். இரு பக்கமும் மட்டம் ஒன்றாகிவிட்டால் நீர் எவ்வளவு இருந்தும் சக்கரம் அசையாது. அண்டத்தில் ஆற்றல் அழிவதில்லை, வேலை செய்ய வைக்கும் வேறுபாடுதான் தீர்ந்துபோகிறது. 1850-களிலேயே வில்லியம் தாம்சனும் ஹெல்ம்ஹோல்ட்ஸும் இந்த முடிவை நோக்கிக் கைகாட்டிவிட்டார்கள்.

இது நடந்தே தீருமா என்பது ஒரே ஒரு விஷயத்தைப் பொறுத்தது. அண்டம் விரிகிறது என்பது 1929-இல் எட்வின் ஹபிள் வெளியிட்ட அளவீடுகளுக்குப் பிறகு உறுதிப்பட்டது. ஈர்ப்பு விசை எல்லாவற்றையும் ஒன்றையொன்று நோக்கி இழுப்பதால் அந்த விரிவு போகப்போகத் தளர வேண்டும் என்றுதான் அனைவரும் எதிர்பார்த்தார்கள். எவ்வளவு தளர்கிறது என்று அளக்க இரண்டு குழுக்கள் புறப்பட்டன. அவர்கள் தேர்ந்துகொண்ட அளவுகோல், வெண்குள்ளன் ஒன்று இயற்பியலாளர் சந்திரசேகர் கணித்த எல்லையான 1.4 சூரிய நிறையை நெருங்கும்போது நிகழும் ஒருவகை சூப்பர்நோவா வெடிப்பு. இவற்றின் உண்மையான ஒளிர்வைக் கணிக்க முடியும் என்பதால், எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதிலிருந்து தொலைவு தெரிந்துவிடும். 1998-இல் இரு குழுக்களும் தனித்தனியே கண்டது ஒன்றுதான்: தொலைவிலுள்ள வெடிப்புகள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக, அதாவது இன்னும் தொலைவில் இருந்தன. விரிவு தளரவில்லை, வேகமெடுத்துக்கொண்டிருந்தது. இதற்காக சால் பெர்ல்மட்டர், பிரையன் ஷ்மிட், ஆடம் ரீஸ் மூவரும் 2011-இல் நோபல் பரிசு பெற்றார்கள். இப்படி வேகமெடுக்க வைப்பது எதுவோ, அதற்கு இருண்ட ஆற்றல் என்று பெயரிட்டார்கள். அண்டத்தின் மொத்த ஆற்றலில் ஏறத்தாழ 70 விழுக்காடு அதுதான்.

இந்த இருண்ட ஆற்றல் காலத்தோடு மாறாமல் இருந்தால் முடிவு வெப்பச் சாவு. அது மேலும் மேலும் வலுத்துக்கொண்டே போனால் விண்மீன் மண்டலங்களும் (நம் பால்வெளி போன்ற பெரும் விண்மீன் கூட்டங்கள்), கோள்களும், கடைசியில் அணுக்களும் பிய்ந்துபோகும். 2003-இல் ராபர்ட் கால்டுவெலும் உடனிருந்த இருவரும் முன்வைத்த இந்தப் 'பெருங்கிழிவு' காணொளிகளில் பெரிதும் பேசப்பட்டாலும், அதை நம்பும்படியான அளவீடு எதுவும் கையில் இல்லை. மாறாக அது வலுவிழந்து, இழுக்கும் விசையாகவே மாறிவிட்டால் அண்டம் திரும்பச் சுருங்கத் தொடங்கலாம். 1998-க்குப் பிறகு ஏறத்தாழ மூட்டைகட்டி வைக்கப்பட்டிருந்த இந்தச் சுருக்கத்தைப் பற்றி இப்போது மறுபடியும் பேசுகிறார்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் கிட் பீக் மலையில் உள்ள 4 மீட்டர் தொலைநோக்கியில் டெசி என்ற கருவியைப் பொருத்தியிருக்கிறார்கள். அதில் 5000 ஒளியிழைகள். ஒவ்வோர் இழையின் நுனியையும் ஒரு சிறு ரோபோ நகர்த்தி, வானில் ஒரு குறிப்பிட்ட விண்மீன் மண்டலம் இருக்கும் புள்ளியில் துல்லியமாக நிறுத்துகிறது. சிறிது நேரம் ஒளியைச் சேகரித்ததும் 5000 நுனிகளும் அடுத்த 5000 இலக்குகளுக்கு நகர்கின்றன. இப்படி மூன்று ஆண்டுகளில் சேர்த்த சுமார் 1.5 கோடி மண்டலங்கள், குவாசார்களின் (மிகப் பிரகாசமான மண்டல மையங்கள்) தரவுகளைக் கொண்டு, இருண்ட ஆற்றல் காலப்போக்கில் தளர்ந்துவருவதாகத் தோன்றுகிறது என்று 2025 மார்ச்சில் அந்தக் குழு அறிவித்தது. கண்டுபிடிப்பு என்று அழைக்க இயற்பியலாளர்கள் கேட்கும் 5 சிக்மா உறுதியை (சிக்மா எண் கூடக் கூட, அது வெறும் தற்செயலாக இருக்கும் வாய்ப்பு குறையும்) அது இன்னும் எட்டவில்லை. எந்தத் தரவோடு சேர்த்துப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து 2.8 முதல் 4.2 வரை நிற்கிறது. தளர்கிறது என்பது உறுதியானாலும் சுருக்கம் வந்தே தீரும் என்று பொருளில்லை. ஆகவே, அண்டம் எப்படி முடியும் என்பது முடிந்துபோன தீர்ப்பு என்று யாராவது பேசினால் நம்ப வேண்டாம் என்று உங்கள் மகளிடம் சொல்லுங்கள்.

இப்போது அவளுடைய இரண்டாவது கேள்வி. இதற்கு அண்டவியலே ஒரு பதில் வைத்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பதில் அது. விரிவு இதே போக்கில் வேகமெடுத்துக்கொண்டே போனால், ஆண்ட்ரோமீடா போல ஈர்ப்பால் நம்மோடு பிணைந்திருக்கும் சிலவற்றைத் தவிர மற்ற விண்மீன் மண்டலங்கள் எல்லாம் காலப்போக்கில் பார்வைக்கு எட்டாத தொலைவுக்குப் போய்விடும். பெருவெடிப்பின் எச்சமாக வானமெங்கும் நிறைந்திருக்கும், இன்று 2.7 கெல்வின் (சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 270 டிகிரி செல்சியஸ்) வெப்பநிலையில் அளக்க முடிகிற நுண்ணலைக் கதிர்வீச்சும் நீர்த்து நீர்த்து அளவீட்டுக்கு அகப்படாமல் போகும். 2007-இல் லாரன்ஸ் கிராஸ், ராபர்ட் ஷெர்ரர் ஆகியோர் கணக்கிட்டுக் காட்டினார்கள்: ஏறத்தாழ 10,000 கோடி ஆண்டுகளுக்குப் பின் ஒரு விண்மீனைச் சுற்றும் கோளில் எவரேனும் வாழ்ந்தால், எவ்வளவு சிறந்த தொலைநோக்கி செய்தாலும், அண்டம் விரிகிறது என்பதற்கோ அதற்கு ஒரு தொடக்கம் இருந்தது என்பதற்கோ அவர்களுக்குச் சான்று கிடைப்பது மிகவும் அரிது. தம்முடைய ஒரு மண்டலமே முழு அண்டம் என்றுதான் அவர்கள் கருதுவார்கள். தொடக்கத்தின் தடயமும் முடிவின் போக்கும் ஒருசேரக் கண்ணில் படும் காலத்தில் உங்கள் மகள் பிறந்திருக்கிறாள். "எதற்குப் படிக்க வேண்டும்" என்று அவள் கேட்கும்போது, படித்தால் தெரிந்துகொள்ள முடிகிற காலம் இது என்று சொல்லுங்கள். அவள் சின்னப் பெண்ணாயிற்றே என்று தயங்காதீர்கள். இந்த வயதில்தான் இது மனத்தில் ஆழமாகத் தைக்கும்.

காணொளிகளை நிறுத்த வேண்டாம். படுக்கப் போகும் நேரத்தில் மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். மற்ற நேரங்களில் உடன் உட்கார்ந்து பாருங்கள். இது அளந்து சொன்னதா, ஒருவர் ஊகித்துச் சொன்னதா என்று ஒவ்வோர் இடத்திலும் அவளையே கேளுங்கள். தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தாலோ, பள்ளிக்குப் போகவும் தோழிகளோடு பேசவும் விருப்பம் குறைந்தாலோ, மனநல ஆலோசகர் ஒருவரைப் பாருங்கள். சில சமயம் பிள்ளைகள் வேறொரு பாரத்தை இப்படிப்பட்ட பெரிய கேள்வியாகச் சொல்வதுண்டு.

ஒரு விடுமுறை நாளில் இந்தக் கணக்கை அவளிடம் கொடுத்துப் பாருங்கள். நம்மிடமிருந்து 32.6 லட்சம் ஒளியாண்டு தொலைவு கூடும்தோறும், விண்மீன் மண்டலங்கள் விலகும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் கூடுகிறது. ஒளியின் வேகம் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். 3 லட்சத்தை 70-ஆல் வகுத்து 32.6 லட்சத்தால் பெருக்கினால், எல்லாம் ஓரிடத்திலிருந்து பிரிந்து எத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கும் என்பது வரும்: ஏறத்தாழ 1400 கோடி. அண்டத்தின் வயதான 1380 கோடிக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று பாருங்கள். வேகம் தொடக்கம் முதல் இன்றுவரை மாறவே இல்லை என்று இந்தக் கணக்கில் நாமாக ஒன்றை வைத்துக்கொண்டோம்; அது சரியா என்று அவள் கேட்டால், 1998-இல் அந்த இரண்டு குழுக்கள் சூப்பர்நோவாக்களை வைத்து அளக்கப் புறப்பட்டது அதைத்தான் என்று சொல்லுங்கள்.