கறுத்த பெற்றோருக்கு வெளுத்த பிள்ளை: நிறத்தை விடுங்கள், கண்ணைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 24. கணவர் என் சொந்த அத்தை மகன். இருவருமே நல்ல கறுப்பு. நான்கு மாதத்துக்கு முன் பிறந்த எங்கள் மகன் மிகவும் வெளுப்பாக, செம்பட்டை முடியோடு, சாம்பல் நிறக் கண்ணோடு இருக்கிறான். கறுத்த கண் உள்ள இருவருக்கு இப்படிப் பிறக்காது என்று கணவர் இணையத்தில் படித்துவிட்டு, டி.என்.ஏ. பரிசோதனை செய்யலாமா என்று கேட்கிறார். அவருடைய ரத்த வகை பி. எனக்கும் குழந்தைக்கும் ஓ. கர்ப்பமாக இருந்தபோது குங்குமப்பூப் பால் குடித்தேன். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டால் குழந்தை கறுத்துவிடும் என்றார்கள்; நிறுத்திவிட்டேன். இவை காரணமா? முதுகின் கீழே நீலத் திட்டு இருக்கிறது. நிறம் ஏறட்டும் என்று அத்தை தினமும் ஒரு மணி நேரம் வெயிலில் காட்டுகிறார். வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொள்கிறான். கண் இரண்டும் அங்குமிங்கும் ஆடுவதால் மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போடுகிறோம். என்மேல் தவறில்லை என்று எப்படி நிரூபிப்பது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தேனி மாவட்டம்

பதில்: பிறக்கும், அம்மா. கறுத்த பெற்றோருக்கு வெளுத்த பிள்ளையும் பிறக்கும், பூனைக்கண் பிள்ளையும் பிறக்கும். குழந்தையின் நிறத்தைக் காட்டித் தாயிடம் விளக்கம் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. நீங்கள் நிரூபிக்க வேண்டியது எதுவும் இல்லை. ஆனால் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கண் ஆடுகிறது என்கிறீர்கள். வீட்டில் எல்லோரும் நிறத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அந்தக் குழந்தையின் கண்ணை இன்னும் ஒரு மருத்துவரும் பார்க்கவில்லை என்பதுதான் எனக்குக் கவலை. இந்த வாரமே பார்த்தாக வேண்டும். அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். முதலில் உங்கள் கணவர் படித்ததற்கு வருகிறேன்.

அது நூறு வருடத்துக்கு மேல் பழைய சரக்கு. 1907-ல் அமெரிக்காவில் சார்லஸ் டேவன்போர்ட்டும் அவர் மனைவி கெர்ட்ரூடும், கண்ணின் நிறம் எளிய விதி ஒன்றின்படியே இறங்குகிறது, பழுப்பு ஓங்கி நிற்கும், நீலம் ஒடுங்கி நிற்கும் என்று எழுதினார்கள். பள்ளிக்கூடத்தில் கட்டம் போட்டுப் படித்தோமே, அதுதான். அந்த விதி தடுத்தது எதை? நீலக் கண் உள்ள இருவருக்குப் பழுப்புக் கண் பிள்ளை பிறப்பதை மட்டுமே. பழுப்புக் கண் உள்ள இருவர் ஆளுக்கொரு வெளிர்நிற மரபணுவை உள்ளே மறைத்து வைத்திருந்தால் வெளிர் கண் பிள்ளை பிறக்கும் என்று அந்தப் பழைய கட்டமே சொல்கிறது. உங்கள் கணவர் அதைக்கூடத் தலைகீழாகப் படித்திருக்கிறார். அந்த விதியும் பின்னால் நிற்கவில்லை. நீலக் கண் பெற்றோருக்குப் பழுப்புக் கண் பிள்ளைகளும் பிறக்கிறார்கள். 2021-ல் ஏறத்தாழ 1,95,000 பேரை வைத்துச் செய்த ஆய்வில் கண் நிறத்தோடு தொடர்புள்ள 61 மரபணுப் பகுதிகள் தெரியவந்தன. அறுபதுக்கும் மேற்பட்ட இடங்களில் எழுதப்படுவதை ஒரு கைப்பேசித் திரையில் வரும் பட்டியல் எப்படிச் சொல்லிவிடும்?

கண்ணில் நீல மை, பச்சை மை என்று எதுவும் கிடையாது. இருப்பது மெலனின் என்ற ஒரே பழுப்பு நிறமி. கண்பாவையைச் சுற்றியுள்ள திரையில் அது நிறைய இருந்தால் கண் கறுப்பாகத் தெரியும். குறைந்தால் தேன் நிறம், இன்னும் குறைந்தால் சாம்பல் அல்லது நீலம். வானம் நீலமாகத் தெரிகிறதே, அதுபோல ஒளி சிதறுவதால் வரும் தோற்றம் அது. தோலிலும் அதே நிறமிதான். கறுத்தவருக்கும் சிவந்தவருக்கும் நிறமி செய்யும் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றே. அவை எவ்வளவு நிறமி செய்கின்றன, எப்படிப் பரப்புகின்றன என்பதில்தான் வேறுபாடு.

இதை நடத்தும் மரபணுக்களில் எஸ்.எல்.சி.24.ஏ5 என்ற ஒன்றை 2005-ல் வரிக்குதிரை மீனின் வெளிறிய வகையை ஆராய்ந்தபோது அடையாளம் கண்டார்கள். ஐரோப்பியரின் தோலை வெளிரச் செய்யும் அதே வடிவம் இந்தியாவிலும் பரவலாக இருக்கிறது என்பது 2013-ல் வெளியான ஆய்வில் தெரிந்தது. நம் ஊர்களில் இரண்டு வடிவங்களும் கலந்தே கிடக்கின்றன. அதனால்தான் ஒரே வயிற்றில் அண்ணன் கறுப்பாகவும் தங்கை சிவப்பாகவும் பிறக்கிறார்கள். சோழியைக் குலுக்கிப் போடுவதுபோல ஒவ்வொரு கருவுக்கும் புதிதாக விழுகிறது. பிறந்த நிறமும் நிலைப்பதில்லை. தோல் மாதக்கணக்கில் கறுத்துக்கொண்டு வரும். கண் நிறம் நிலைக்க ஒரு வருடமாகும், சிலருக்கு மூன்று வருடம்கூட ஆகும்.

மற்ற சந்தேகங்களுக்கு அதிக நேரம் வேண்டாம். பி வகைத் தந்தை தன் பெற்றோரில் ஒருவரிடமிருந்து ஓ மரபணுவை வாங்கியிருந்தால் அவருக்கு ஓ வகைப் பிள்ளை பிறப்பது இயல்பு. நீலத் திட்டு நம் குழந்தைகள் பலருக்கும் இருப்பது; சில வருடங்களில் தானாக மங்கும். குங்குமப்பூ பாலின் நிறத்தை மாற்றும், பிள்ளையின் நிறத்தை மாற்றாது. இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்தியதுதான் எனக்குக் கோபமூட்டுகிறது. அந்த மாத்திரைக்கும் குழந்தையின் நிறத்துக்கும் எள்ளளவும் தொடர்பில்லை. ரத்தசோகையோடு பிரசவத்துக்கு வந்து உயிருக்குப் போராடும் பெண்களை நாங்கள் இன்றும் பார்க்கிறோம். பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள்கள் சாப்பிட வேண்டும் என்றுதான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதை இலவசமாகக் கொடுக்கிறார்கள். நாளைக்கே போய் வாங்கி, மறுபடி தொடங்குங்கள்.

இனி கண்.

பிறந்த முதல் சில வாரங்களில் குழந்தையின் பார்வை அலைபாயும், அதில் தவறில்லை. இரண்டு, மூன்று மாதங்களில் தாயின் முகத்தில் பார்வை நிலைக்க வேண்டும், நீங்கள் நகர்ந்தால் அவன் கண்ணும் கூடவே வர வேண்டும். நான்கு மாதத்தில் இரண்டு கண்ணும் ஊஞ்சல்போல ஓயாமல் ஆடுவது இயல்பல்ல. இதற்கு விழிநடுக்கம் என்று பெயர். தூசி பட்டு வருவதல்ல, சளி பிடித்து வருவதல்ல, சொட்டு மருந்தால் போவதும் அல்ல.

வெளுத்த தோல், செம்பட்டை முடி, சாம்பல் கண், வெளிச்சக் கூச்சம், விழிநடுக்கம் இவை ஐந்தும் ஒரே குழந்தையிடம் சேர்ந்தால் எந்தக் குழந்தை மருத்துவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அல்பினிசம், அதாவது பிறவியிலேயே மெலனின் போதிய அளவு உருவாகாத நிலை. ஆடும் கண்ணும் கூச்சமும் இல்லாமல் நிறம் மட்டும் வெளுத்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். கண்ணுக்கு மெலனின் அழகுக்காக வந்ததல்ல. வேண்டாத வெளிச்சத்தைத் தடுக்கும் திரை அது. கருவில் விழித்திரையின் நடுப்புள்ளி முழுமையாக உருவாகவும், கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகள் சரியான பக்கம் சேரவும் அது தேவைப்படுகிறது. குறைந்தால் பார்வை கூர்மை பெறாது. பார்வை ஓரிடத்தில் நிலைகொள்ள முடியாமல் கண் ஆடத் தொடங்கும். பெரும்பாலும் இரண்டாவது மூன்றாவது மாதத்தில்தான் இது வெளியே தெரியும். இந்த நிலையில் கண் சிவப்பாக இருக்கும் என்று படித்துவிட்டு, நம் குழந்தைக்குச் சாம்பல் நிறம்தானே என்று விட்டுவிடாதீர்கள். நம் நாட்டுக் குழந்தைகள் பலருக்குச் சாம்பலாகவோ வெளிர்பழுப்பாகவோதான் இருக்கிறது.

கடிதத்தை வைத்து நோயை முடிவுசெய்ய முடியாது. பிறவிக் கண்புரை, பார்வை நரம்புக் குறைபாடு போன்றவற்றாலும் கண் ஆடும். பிறவிக் கண்புரை என்றால் ஒவ்வொரு வாரமும் விலைமதிப்பற்றது; தாமதித்தால் பின்னால் அறுவைச் சிகிச்சை செய்தாலும் மூளை அந்தக் கண்ணால் பார்க்கக் கற்றுக்கொள்ளாமல் போகலாம். அதனால்தான் இந்த வாரம் என்கிறேன், அடுத்த தடுப்பூசியோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவுக்குப் போகலாம். குழந்தைகளின் கண்ணுக்கென்றே தனிப் பிரிவு வேண்டுமானால் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை உங்களுக்குப் பக்கம். கண்ணுக்குள் ஒளி செலுத்திப் பார்ப்பார்கள், சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்ப்பார்கள், கண்ணாடி தேவையா என்று அளப்பார்கள். ஊசியோ கத்தியோ கிடையாது, பயப்பட வேண்டாம்.

இன்றே நிறுத்த வேண்டியவை இரண்டு. அந்தக் கடைச் சொட்டு மருந்தை நிறுத்துங்கள். புட்டியை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். சீட்டில்லாமல் கொடுக்கப்படும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். தொடர்ந்து போட்டால் கண் அழுத்தம் ஏறும், கண்புரையும் வரும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன் எதையும் கண்ணில் விடாதீர்கள். அடுத்து, வெயில். நிறமி இல்லாத தோலை வெயில் கறுப்பாக்காது, வேக வைக்கும். அத்தையிடம் கோபப்படாமல் இதைச் சொல்லுங்கள்; பேரன்மேல் உள்ள அக்கறையில்தான் செய்கிறார். வெளியே போகும்போது முழுக்கைப் பருத்திச் சட்டையும் அகன்ற விளிம்புத் தொப்பியும் போடுங்கள். வைட்டமின் டிக்கு வெயில் தேவையில்லை. தினமும் 400 யூனிட் சொட்டு மருந்தாக வாயில் கொடுத்தால் போதும், அளவைக் குழந்தை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அல்பினிசம் என்றே உறுதியானால்? அறிவுக்குக் குறைவில்லை, அது தொற்றாது, வெண்புள்ளி நோயும் அல்ல. பார்வை மங்கலாக இருக்கும், ஆனால் பொதுவாக முழுக் குருடாகாது. வயது ஏறும்போது ஆட்டமும் ஓரளவு தணியும். காலத்தில் கண்ணாடி, பள்ளியில் முதல் வரிசை, பெரிய எழுத்துப் புத்தகம், வாழ்நாள் முழுக்க வெயில் பாதுகாப்பு இருந்தால் நன்றாகப் படித்து வேலைக்குப் போகிறார்கள். லேசாக அடிபட்டாலே தோல் கன்றிப்போவது, மூக்கில் ரத்தம், அடிக்கடி வரும் காய்ச்சல் இருந்தால் மட்டும் மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். அரிதான சில வகைகளில் ரத்தமும் நோய் எதிர்ப்புச் சக்தியும் பாதிக்கப்படும்.

இனி எழுதுவது உங்கள் கணவருக்கு. அவரிடம் படிக்கக் கொடுங்கள்.

தம்பி, இந்த நிலை தாயிடமிருந்து மட்டும் வராது. பொதுவான வகைகளில் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பழுதுபட்ட மரபணுக்கள் சேர்ந்தால்தான் வரும். ஒன்றை மட்டும் சுமப்பவருக்கு வெளியே எதுவும் தெரியாது. உங்களைப்போல நல்ல கறுப்பாகவே இருப்பார். உங்கள் அம்மாவைப் பெற்றவர்களும் உங்கள் மனைவியின் அப்பாவைப் பெற்றவர்களும் ஒரே தாத்தா பாட்டி. அவர்களில் ஒருவரிடம் இருந்த மரபணு உங்கள் அம்மா வழியாக உங்களுக்கும், உங்கள் மாமா வழியாக உங்கள் மனைவிக்கும் வந்திருக்கலாம். தலைமுறைகளாக யாரையும் தொடாமல் இருந்தது உங்கள் பிள்ளையிடம் சேர்ந்திருக்கலாம். இரண்டு வீட்டிலும் யாருக்கும் இந்த நிறம் இல்லையே என்று நீங்கள் கேட்டால், இப்படித்தான் இல்லாமல் இருக்கும் என்பதே பதில். தமிழ்நாட்டில் உறவுக்குள் திருமணம் செய்த பெண்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேர் என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பிள்ளைகள் நலமாகவே பிறக்கிறார்கள், சிலருக்கு இப்படி நேர்கிறது. இதில் யாருடைய தவறும் இல்லை.

அல்பினிசம் உறுதியானால் ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஒன்றுக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றுக்கு வராது என்று பொருளல்ல. ஆகவே அடுத்த குழந்தைக்கு முன் மரபணு ஆலோசனைக்குப் போங்கள். அங்கே சொல்லும் மரபணுப் பரிசோதனைக்கு நீங்களும் ரத்தம் கொடுங்கள். நீங்கள் கேட்ட பரிசோதனைக்குச் செலவழிக்க நினைத்த பணத்தை அதற்கும் பிள்ளையின் கண்ணாடிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கண் மருத்துவமனையில் காலை ஏழு மணிக்கே கூட்டம் சேர்ந்துவிடும். மனைவியைத் தனியாக அனுப்பாதீர்கள். பிள்ளையை நீங்கள் தூக்கிக்கொள்ளுங்கள், வரிசையில் நீங்கள் நில்லுங்கள். வெயில் ஏறிவிட்டால் அவன் முகத்தை உங்கள் தோளோடு அணைத்துக்கொள்ளுங்கள். அவனுக்குக் கண் கூசும்.