மருத்துவக் கருவி வேலையில் எத்தனை படிகள்? – கேள்வி பதில்

மருத்துவமனைக் கருவிகளைப் பராமரிக்கும் வேலைபற்றி நம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தங்கச்சிமடம்: அண்ணா, பிளஸ் டூ முடித்துவிட்டேன். டிப்ளமோ போதுமா, பி.இ. படிக்க வேண்டுமா?

பணம் கையைக் கடிக்கிறது என்றால் டிப்ளமோ எடுங்கள், தம்பி. டெக்னீஷியனாக நுழைந்துவிடலாம், பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரவும் வழி உண்டு. ஆனால் பெரிய மருத்துவமனைகள் இன்ஜினியர் பதவிக்குப் பெரும்பாலும் பட்டம் கேட்கும். டிப்ளமோக்காரர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் வாசலோடு சரி. இது அநியாயம் என்பதுதான் என் கட்சி.

மண்டபம்: டெக்னீஷியனாகச் சேர்ந்திருக்கிறேன். துடைப்பதும் ஸ்டிக்கர் ஒட்டுவதும்தான் வேலை. இவ்வளவுதானா, அண்ணா?

அந்த ஸ்டிக்கரில் பரிசோதனைத் தேதி இருக்கிறதே, தங்கச்சி, அன்று என்ன பரிசோதித்தார்கள் என்று கேளுங்கள். நோயாளிக்கு மருந்தைச் சிறிது சிறிதாகச் செலுத்தும் ஒரு சிரிஞ்ச் பம்பை மணிக்கு 10 மில்லி என்று வைத்து, தண்ணீரை அளவுக் குழாயில் விடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து 9 மில்லிதான் நிற்கிறதென்றால், நோயாளிக்கும் மருந்து பத்தில் ஒரு பங்கு குறைந்துதான் போயிருக்கும். திரையில் மட்டும் 10 என்றே காட்டும்.

துடைப்பதையும் இளக்காரமாக நினைக்காதீர்கள். நம் உப்புக் காற்றுக்கு கனெக்டர் பின்களில் பச்சைக் களிம்பு ஏறிவிடும். மானிட்டரில் இ.சி.ஜி. கோடு நடுங்கினால் உடனே உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டைக் குறை சொல்வார்கள். நீங்கள் முதலில் கேபிளையும் பின்னையும் பாருங்கள். நோயாளியின் மார்பில் ஒட்டிய எலக்ட்ரோடு காய்ந்து போயிருந்தாலும் கோடு அப்படித்தான் ஆடும்.

கீழக்கரை: காக்கா, வெளிநாட்டில் பி.மெட் 1, 2, 3 என்கிறார்களே, அது என்ன?

அமெரிக்க வழக்கம் அது. பி.மெட் என்றால் மருத்துவக் கருவி டெக்னீஷியன்; எண்கள் பதவிப் படிகள். 1 என்பவர் மேற்பார்வையில் பரிசோதனையும் சிறு பழுதும் பார்ப்பார். 2 தனியாகப் பார்ப்பார். 3 சிக்கலான கருவிகளைக் கையாண்டு மற்றவர்களுக்கும் வழிகாட்டுவார். இந்தப் படிகளின் எல்லை மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். இந்த டெக்னீஷியன்களுக்கு சி.பி.இ.டி. என்ற சான்றிதழ்த் தேர்வும் அங்கே உண்டு. சவூதிக்கு இன்ஜினியராகப் போவதென்றால் அந்நாட்டுப் பொறியாளர் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். ஏஜென்ட் சொல்லும் பதவியை நம்பாதீர்கள். ஒப்பந்தத்தில் டெக்னீஷியனா, இன்ஜினியரா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

தொண்டி: எக்ஸ்ரே இயந்திரத்தையும் நானே பழுதுபார்க்கலாமா?

கூடாது. அதற்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அங்கீகாரம் பெற்றவர்கள் வர வேண்டும். கதிர்வீச்சு ஒருபுறம் இருக்கட்டும். சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே மின்தேக்கியில் ஆளைக் கொல்லும் மின்னூட்டம் நிற்கலாம்.

ராமநாதபுரம்: மருத்துவமனையா, கம்பெனியா?

கம்பெனி சர்வீஸ் இன்ஜினியருக்கு ஒரு தயாரிப்பு அத்துப்படியாகும். ஊர் ஊராக பஸ் ஏற வேண்டும். பேச்சுத் திறமை இருந்தால் அப்ளிகேஷன் ஸ்பெஷலிஸ்ட் ஆகி, மருத்துவர்களுக்கும் நர்ஸ்களுக்கும் கருவியைக் கற்றுக்கொடுக்கப் போகலாம். மருத்துவமனையில் டயாலிசிஸ் இயந்திரம் முதல், இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் டீஃபிப்ரிலேட்டர் வரை எல்லாம் கைக்கு வரும். முதல் சில வருடங்களுக்கு நான் மருத்துவமனையைத்தான் சொல்வேன். 2022இல் ராமநாதபுரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மதுரையைப் பார்க்க வேண்டியதில்லை.

பாம்பன்: மேனேஜர் ஆனால் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிடலாமா, அண்ணா?

ஏறக்குறைய. எதை வாங்குவது, எதைக் கழிப்பது, எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது என்பதுதான் அங்கே வேலை. ஏ.எம்.சி. என்ற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் பெரும்பாலும் உதிரிபாகம் சேராது, சி.எம்.சி. என்ற முழுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் சேரும். ஆனால் சி.எம்.சி.யிலும் எக்ஸ்ரே டியூப், பேட்டரி போன்றவற்றைச் சிறிய எழுத்தில் விலக்கி வைத்திருப்பார்கள். அந்தப் பக்கத்தைப் படிக்காமல் கோப்பை மேலே அனுப்பாதீர்கள்.