ஓசன்னா பாடியவர்கள் யார்? குருத்தோலை ஞாயிறு கேள்வி பதில்

இயேசு எருசலேமுக்குள் பவனியாக வந்தபோது ஜனங்கள் ஓசன்னா பாடி வரவேற்றதை நினைவுகூரும் குருத்தோலை ஞாயிறையொட்டி நம் வேதபாட வகுப்பில் வந்த கேள்விகளுக்கு என்னால் இயன்ற பதில்கள்.

கேள்வி: ஐயா, ஞாயிறன்று ஓசன்னா பாடிய அதே ஜனங்கள்தானே வெள்ளிக்கிழமை "சிலுவையில் அறையும்" என்று கூச்சலிட்டார்கள்?

பதில்: பிரசங்கங்களில் அப்படித்தான் கேட்டு வளர்ந்தோம். ஆனால் நான்கு சுவிசேஷங்களில் ஒன்றும் அப்படிச் சொல்லவில்லை. மத்தேயு 21-ஐ நிதானமாக வாசியுங்கள். எருசலேம் நகரத்தார் "இவர் யார்?" என்று கேட்கிறார்கள். பவனியில் வந்தவர்கள், இவர் கலிலேயாவிலுள்ள நாசரேத்தூர்த் தீர்க்கதரிசி என்று பதில் சொல்கிறார்கள். ஆக, பாடிய கூட்டம் வேறு, மிரண்டு பார்த்த ஊர் வேறு. வெள்ளிக்கிழமை ரோம ஆளுநர் பிலாத்துவின் முன் நின்றவர்களையோ பிரதான ஆசாரியர்கள் ஏவிவிட்டார்கள் என்கிறார் மாற்கு. சிலர் இரண்டு இடத்திலும் நின்றிருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் துதித்த வாய் பின்வாங்கியதற்குச் சந்தேகமற்ற சாட்சி வேண்டுமா? ஒலிவமலைச் சரிவில் உரத்த சத்தமாய்த் துதித்தவர்கள் சீஷர்கள் என்று லூக்கா எழுதுகிறார். இயேசு பிடிபட்ட வியாழக்கிழமை இரவு ஓடிப்போனவர்களும் சீஷர்களே. முகம் தெரியாத கூட்டத்தைக் குற்றம் சொல்வது நமக்கு எளிதாக இருக்கிறது. அது எனக்கு வருத்தம் தருகிறது.

கேள்வி: குருத்தோலை நான்கு சுவிசேஷங்களிலும் வருகிறதா?

பதில்: யோவானில் மட்டும். மத்தேயுவும் மாற்கும் மரக்கிளைகள் என்கிறார்கள். லூக்காவில் வழியில் விரித்த வஸ்திரங்கள் மட்டுமே.

கேள்வி: ஓசன்னா என்றால் "துதி" என்றுதானே பொருள்?

பதில்: இல்லை அம்மா, அது ஒரு மன்றாட்டு. சங்கீதம் 118:25-ல் வரும் எபிரெயச் சொல்; "இரட்சியும்" என்று பொருள். வழக்கத்தில் அது வாழ்த்தொலியாகவும் ஆகிவிட்டது. எதிலிருந்து இரட்சிக்க வேண்டும் என்பதில்தான் சிக்கல். கி.மு. 141-ல் யூதத் தலைவரான மக்கபேயர் சீமோன் அந்நியப் படையைத் துரத்திவிட்டு எருசலேம் கோட்டைக்குள் நுழைந்தபோதும் ஜனங்கள் குருத்தோலை பிடித்தார்கள். அந்த நினைவு இந்தக் கைகளிலும் இருந்தது என்றே நினைக்கிறேன். அவர்களுக்கு ரோமரை விரட்டும் ராஜா வேண்டும். வந்தவரோ தீர்க்கதரிசி சகரியா சொன்னபடி கழுதைக்குட்டியின் மேல் வந்தார். நகரம் கண்ணில் பட்டதும் அழுதார். சமாதானத்துக்கு ஏற்றது எது என்று அது அறியவில்லையே என்பது அவருடைய புலம்பல். கி.பி. 70-ல் ரோமப் படை அந்த நகரத்தையும் ஆலயத்தையும் அழித்தது. ஒருவரைப் போற்றிக்கொண்டே அவர் சொல்வதை ஏற்க மறுக்க முடியும் என்பதற்கு இந்தப் பவனியைவிடத் துயரமான காட்சி எனக்குத் தெரியாது.

கேள்வி: நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட யூதப் பிரிவினரான பரிசேயர் எல்லாருமே இயேசுவுக்குப் பகைவர்கள்தானா?

பதில்: இல்லவே இல்லை, தம்பி. ஏரோது உம்மைக் கொல்லப் பார்க்கிறான், போய்விடும் என்று இயேசுவை எச்சரித்தவர்கள் சில பரிசேயர்தான் (லூக்கா 13:31). எதிர்த்தவர்களுக்கும் வெறும் பொறாமை மட்டும் காரணமல்ல. ரோமர் வந்து நம் இடத்தையும் ஜனத்தையும் அழித்துவிடுவார்கள் என்ற அச்சத்தை யோவான் 11:48 பதிவு செய்கிறது. இதை மறந்துவிட்டு, யூதர் அனைவர்மேலும் கிறிஸ்தவர்கள் பல நூற்றாண்டுகள் பழி சுமத்தினார்கள். அது பெரும்பாவம். ஓசன்னா பாடியவர்களும் யூதர்களே! 1965-ல்தான் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அந்தப் பழியை வெளிப்படையாக மறுத்தது.

கேள்வி: பரிசேயரில் ஒருவராவது வெளிப்படையாக இயேசுவின் பக்கம் நின்றாரா?

பதில்: நிக்கொதேமு. முதலில் இயேசுவிடம் இரவில் வந்தார். பிறகு, விசாரிக்காமல் ஒருவனைத் தீர்ப்பிடலாமா என்று யூதத் தலைவர்களின் சங்கத்தில் கேட்டார். நீரும் கலிலேயனோ என்று அவர்மேல் பாய்ந்தார்கள். பவனியில் அவர் நின்றதாக எங்கும் இல்லை. சீஷர்கள் ஒளிந்திருந்த வேளையில், ஏறக்குறைய நூறு இராத்தல் வெள்ளைப்போளமும் கரியபோளமும் ஆகிய வாசனைப் பொருள்களை எடுத்துக்கொண்டு இயேசுவின் அடக்கத்துக்கு வந்தார்.