அவர்கள் நடக்கும் தூரத்துக்கு நன்கொடை திரட்டுங்கள்

வருகிற சனிக்கிழமை வெள்ளை இனவெறியர்கள் உங்கள் ஊர்க் கடைவீதியில் ஊர்வலம் போகிறார்கள், எதிரில் போய் நிற்பதா, கதவைச் சாத்திக்கொண்டு இருப்பதா என்று கேட்டிருந்தீர்கள். வேறொரு வழியும் இருக்கிறது.

ஜெர்மனியின் வுன்சீடல் ஊரில் ஹிட்லரின் கையாள் ருடால்ஃப் ஹெஸ்ஸைப் புதைத்திருந்தார்கள். அதனால் ஹிட்லரின் கொள்கையை இன்றும் பிடித்துக்கொண்டிருக்கும் நவநாஜிகள் அங்கே திரும்பத் திரும்ப வந்தார்கள். 2011இல் கல்லறையை எடுத்த பிறகும் அவர்கள் வருவது நிற்கவில்லை. 2014 நவம்பரில் ஊர்க்காரர்கள், அவர்கள் நடக்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் 10 யூரோ என்று நன்கொடை அறிவித்தார்கள். தரையில் தூரத்தை எழுதி வைத்தார்கள், நடப்பவர்கள் சாப்பிட வழியில் வாழைப்பழம்கூட வைத்தார்கள்! சேர்ந்த 10,000 யூரோவும் நாஜிக் கும்பலை விட்டு வெளியேற நினைப்பவர்களுக்கு உதவும் அமைப்புக்குப் போனது. எனக்கு மிகவும் பிடித்த பதிலடி இதுதான்.

கடைக்காரர்களிடம் இன்றே பேசுங்கள், ஆளுக்குக் கொஞ்சம் போட்டாலே போதும். கூட்டம் கூட்டினால் ஊர்வலத்திலிருந்து தள்ளி, வண்டி நுழைய முடியாத இடமாகப் பாருங்கள். 2017இல் அமெரிக்காவின் சார்லட்ஸ்வில் நகரில், இனவெறியர் ஊர்வலத்தை எதிர்த்து நின்றவர்கள் மீது ஒருவன் காரை ஏற்றி ஒரு பெண்ணைக் கொன்றான். அப்புறம், பயந்துபோயிருக்கும் அக்கம்பக்கத்துக் குடும்பங்களை அன்றைக்குத் தனியாக விடாதீர்கள்.