நிறுவிய நீட்சியை உலாவி முடக்கலாமா?

கேள்வி: செங்கோட்டையில் கணினி மையம் நடத்துகிறேன். ஆரியங்காவு, தென்மலைப் பக்கத்திலிருந்து வருவோருக்குக் கேரள அரசுத் தளங்களிலும் விண்ணப்பித்துத் தருகிறோம். மலையாளம் பேசுவோம், எழுத்துத் தெரியாது. எனவே, அதைத் தமிழ் எழுத்தில் மாற்றிக்காட்டும் நீட்சி (உலாவியில் சேர்க்கும் துணைநிரல்) ஒன்றை என் தம்பி எழுதினான். அதுவும் விளம்பரத் தடுப்பானும் இப்போது முடங்கிவிட்டன. எங்கள் கணினியில் நாங்கள் நிறுவியதை வேறொருவர் முடக்குவது நியாயமா?

பதில்: இரண்டையும் முடக்கிய விதி ஒன்றுதான் என்றாலும், உங்கள் தம்பியின் நீட்சியை மீட்டுவிடலாம். நீட்சிகள் எப்படி இயங்க வேண்டும் என்பதற்கு மேனிஃபெஸ்ட் வி3 என்னும் புதிய வரையறையைக் கூகுளின் குரோம் உலாவி 2018இல் அறிவித்து, பழைய வி2 நீட்சிகளை 2024 முதல் படிப்படியாக முடக்கி, 2025இல் அவற்றுக்கான ஆதரவை அறவே நீக்கியது. முன்பு பின்னணியில் ஓயாமல் இயங்கிய நிரல், இப்போது 30 விநாடி வேலையின்றி இருந்தால் நிறுத்தப்படுகிறது. ஆகவே எழுத்து மாற்று அட்டவணையை நினைவகத்தில் விட்டுவைக்காமல் உலாவியின் சேமிப்பகத்தில் எழுதிவைக்க வேண்டும். அட்டவணையைத் தன் சர்வரிலிருந்து தம்பி தரவிறக்கலாம், ஆனால் நிரலை அப்படி எடுத்து இயக்கக் கூடாது. அனுமதியும் எல்லாத் தளங்களுக்கும் கேட்காமல், நீங்கள் பயன்படுத்தும் அரசுத் தளங்களுக்கு மட்டும் கேட்பது நல்லது.

வெளியிலிருந்து நிரலை இறக்குவதற்கான தடையை நான் மனமார ஆதரிக்கிறேன். பல லட்சம் பேர் நம்பிய 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்ற நீட்சி கைமாறிய பின், தீங்குநிரல் இருப்பதாகக் கூறி 2021இல் கூகுளே அதை நீக்கியது. ஆதார் எண்ணைத் தட்டச்சு செய்யும் கணினியில் இந்தக் கண்டிப்பு தேவையே.

விளம்பரத் தடுப்பான் விஷயத்தில் அந்த நியாயம் எனக்குப் போதவில்லை. முன்பு இணையப் பக்கம் சர்வருக்கு அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையையும் நீட்சியே பார்த்துத் தடுத்தது. இப்போது விதிப்பட்டியலை முன்கூட்டியே ஒப்படைத்துவிட வேண்டும், தடுப்பது உலாவியின் வேலை. ஆனால் உரிய அனுமதி பெற்ற நீட்சி கோரிக்கைகளைக் கவனித்துக்கொண்டிருக்க இன்றும் தடையில்லை. வேவு பார்க்கும் வழியை விட்டுவைத்துத் தடுக்கும் வழியை மட்டும் அடைத்ததைப் பாதுகாப்பு என்று எப்படி ஏற்பது? அதுவும் விளம்பர வருவாயில் வாழும் நிறுவனமே விதியை எழுதும்போது, பயனரும் நிரலாளரும் கேள்வி கேட்பது நியாயமே.

யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானை உருவாக்கிய ரேமண்ட் ஹில், குரோமுக்கென 'லைட்' பதிப்பைத் தந்திருக்கிறார். ஆற்றல் சற்றுக் குறைவு. முழுப் பதிப்பே வேண்டுமென்றால், பழைய தடுப்பு முறையைக் கைவிடாத ஃபயர்ஃபாக்ஸை மையத்துக் கணினிகளில் நிறுவிக்கொள்ளுங்கள்.