108-க்குப் போன் செய்துவிட்டுக் கிளம்பிவிட்டோம், தப்பா?

கேள்வி: மூன்று வாரங்களுக்கு முன்பு திருச்சியிலிருந்து காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். இரவு பத்தரை இருக்கும். விழுப்புரம் தாண்டியதும், எங்களுக்கு முன்னால் போன பைக்கை ஒரு வேன் தட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டது. பைக்கில் வந்தவர் ரோட்டோரம் விழுந்து முனகிக்கொண்டிருந்தார். கணவர் இறங்கி 108-க்குப் போன் செய்தார். அதற்குள் கூடியவர்களில் ஒருவர், "தொட்டுடாதீங்க சார், போலீஸ் கேஸு. நீங்கதான் இடிச்சீங்கன்னு எழுதிடுவாங்க" என்றார். பயந்துபோய் ஆம்புலன்ஸ் வருமுன்பே கிளம்பிவிட்டோம். அன்றிலிருந்து பதினாறு வயது மகள் எங்களிடம் முகம்கொடுத்துப் பேசுவதில்லை. வேனின் கடைசி நான்கு எண்களை அவள் பார்த்து வைத்திருக்கிறாள். நாங்கள் செய்தது குற்றமா? போன் நம்பரை வைத்துப் போலீஸ் வருமா? இனி இப்படி நடந்தால் என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், தாம்பரம்

பதில்: சகோதரி, முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: குற்றமில்லை. வழியில் போகிற ஒருவர் முன்பின் தெரியாதவரைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்று நம் நாட்டில் பொதுச் சட்டம் கிடையாது. பிரான்சில் உண்டு, தனக்கு ஆபத்தில்லாமல் உதவ முடிந்தும் உதவாமல் போனால் 5 ஆண்டு வரை சிறை. ஜெர்மனியிலும் உண்டு. அங்கே முதலுதவி வகுப்புக்குப் போகாமல் டிரைவிங் லைசென்ஸும் வாங்க முடியாது. கட்டாயப்படுத்துமுன் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இங்கே அந்தக் கடமை இருப்பது சிலருக்குத்தான். மோட்டார் வாகனச் சட்டம் 134-ஆம் பிரிவின்படி, விபத்தில் சம்பந்தப்பட்ட வண்டியின் டிரைவர் அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்க வழிசெய்ய வேண்டும். தப்பு யார் பக்கம் என்பது வேறு கதை. கூட்டம் அடிக்க வந்ததால் நிற்க முடியவில்லை என்பது போன்ற காரணம் இருந்தால் மட்டும் விலக்கு. அப்போதும் 24 மணி நேரத்துக்குள் போலீஸுக்குச் சொல்லியாக வேண்டும். அதே பிரிவு, எந்த ஃபார்மாலிட்டிக்கும் காத்திராமல் உடனே சிகிச்சை தர வேண்டும் என்று டாக்டரையும் கட்டுப்படுத்துகிறது. 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான்: முதலில் உயிர், பிறகு போலீஸ்.

கூட்டத்தில் ஒருவர் காட்டிய பயம் ஒரு காலத்தில் நியாயமாக இருந்தது. இன்று சட்டம் மாறிவிட்டது, பேச்சு மாறவில்லை. 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உதவ வருகிறவர்களைக் காக்கும் வழிகாட்டுதல்களுக்கு ஒப்புதல் தந்தது. 2019 திருத்தம் 134ஏ பிரிவைச் சேர்த்தது. எதையும் எதிர்பார்க்காமல், நல்லெண்ணத்தோடு உதவும்போது கைத்தவறு நேர்ந்து, அதனால் அடிபட்டவர் இறந்தே போனாலும், உதவியவர் மீது சிவில், கிரிமினல் நடவடிக்கை எடுக்க முடியாது. 2020-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதிகளின் 168-ஆம் விதிப்படி, பெயர், முகவரி சொல்லச் சொல்லி உங்களைப் போலீஸ் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆஸ்பத்திரியும் "நீங்கள் கொண்டுவந்தீர்கள், அட்மிஷன் பணம் கட்டுங்கள்" என்று பிடித்து வைக்க முடியாது. 108-இலிருந்து உங்கள் நம்பருக்குத் திரும்ப அழைப்பு வந்தால் பெரும்பாலும் இடம் தெரியாமல்தான் அழைப்பார்கள். எடுங்கள்.

சட்டம் அவ்வளவுதான். மனசாட்சி கேட்பதற்கு நேர்மையாகச் சொல்வதானால், போன் செய்தது பெரிய உதவி. ஆம்புலன்ஸ் வரும்வரை நிற்காமல் வந்தது குறைதான். கவனிப்பார் இல்லாத அந்த நிமிடங்களில்தான் விபரீதம் நடக்கிறது. யாராவது சோடா வாங்கிவந்து வாயில் ஊற்றுவார். நினைவு தப்பிக்கொண்டிருப்பவருக்கு அது மூச்சுக்குழாய்க்குள் போகும். ஆபரேஷன் தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுப்பதும் சிக்கலாகும். இன்னொருவர் ஹெல்மெட்டைப் பிடுங்குவார். நான்கு பேர் கை காலைப் பிடித்துத் தூக்கி ஷேர் ஆட்டோவுக்குள் மடக்கித் திணிப்பார்கள். கழுத்தெலும்பு முறிந்திருந்தால் தண்டுவடத்துக்குச் சேதம் ஏற்படுவது இந்த இடத்தில்தான். நின்று, "வேண்டாம், ஆம்புலன்ஸ் வருது" என்று ஒருவர் தடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

இனி நடந்தால், காரை இடது ஓரம் ஒதுக்கி, நான்கு இண்டிகேட்டரையும் போடுங்கள். டிக்கியில் இருக்கும் சிவப்பு முக்கோணத்தைக் குறைந்தது 50 மீட்டர் பின்னால் வையுங்கள். அதற்கும் ஓரமாகவே நடந்து போங்கள். இரவில் அடுத்த லாரி வந்து மோதுவதுதான் முதல் ஆபத்து. 108-இடம் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையும் எந்தப் பக்கச் சாலை என்பதையும் சொல்லுங்கள். சென்னை போகும் பக்கமா, திருச்சி போகும் பக்கமா என்று சொல்லாவிட்டால் ஆம்புலன்ஸ் நடுத்தடுப்புக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, யூ-டர்ன் தேடிப் போகும். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்கும் அழைக்கலாம்.

ரத்தம் பீறிட்டால் துண்டையோ துப்பட்டாவையோ மடித்து வைத்து, உள்ளங்கையால் உடல் எடையைக் கொடுத்து அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி. குத்தி நிற்கும் கம்பியைப் பிடுங்க வேண்டாம். நினைவில்லை, ஆனால் சீராக மூச்சு வருகிறது என்றால், தலையும் உடம்பும் ஒரே நேராகத் திரும்பும்படி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாந்தி வெளியே வந்துவிடும். மூச்சே இல்லையென்றால் மார்பின் நடுவில் 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டி வருவது மூச்சு அடைபடும்போது மட்டுமே. அதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் கழுத்தை அசையாமல் பிடிக்க, மற்றவர் வாரை அவிழ்த்து மெல்ல உருவ.

செலவுக் கவலை அந்த இடத்தில் யாருக்கும் வேண்டாம். தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எந்த ஊர்க்காரர் என்றாலும் உண்டு. 2025-இல் வந்த மத்தியத் திட்டம் 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய்க்குள் ரொக்கமில்லாச் சிகிச்சை தருகிறது.

நீங்கள் கேட்காத ஒன்று மிச்சம் இருக்கிறது: மகள் பார்த்த அந்த நான்கு எண்கள். மோதிய வண்டி எதுவென்று தெரியாவிட்டால் அடிபட்டவர் குடும்பத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 161-ஆம் பிரிவில் கிடைப்பது மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 மட்டும். வண்டி தெரிந்தால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வயது, வருமானம், குடும்பம் எல்லாவற்றையும் பார்த்து முழு இழப்பீடு கேட்கலாம். நான்கு எண், வேனின் நிறம், நேரம் மூன்றும் இருந்தால் டோல்கேட் கேமராவில் தேட முடியும். அந்தப் பதிவுகளைக் காலமெல்லாம் வைத்திருக்க மாட்டார்கள். மூன்று வாரம் ஏற்கெனவே போய்விட்டது.

கணவர் போனில் 108-ஐ அழைத்த நேரம் இருக்கும், ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். விழுப்புரம் மாவட்டப் போலீஸ் கட்டுப்பாட்டு அறைக்கு அழைத்து, நேரமும் இடமும் சொல்லி, எந்த ஸ்டேஷன் எல்லை என்று கேளுங்கள். சாட்சி சொல்லச் சம்மதித்தால், 169-ஆம் விதிப்படி உங்களுக்குத் தோதான நேரத்தில், உங்கள் வீட்டிலேயே, சீருடை அணியாத அதிகாரி, ஒரே தடவையில் விசாரித்து முடிக்க வேண்டும். பெண்களை விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது என்பது பொதுவாகவே உள்ள சட்டம். மகளுக்கும் அது பொருந்தும். கோர்ட்டுக்கே போக வேண்டியிராது என்று உறுதி சொல்ல மாட்டோம். போக நேரலாம், வீடியோ கான்ஃபரன்ஸில் முடிக்கும்படி கேட்கலாம். போன் செய்யும்போது மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். எண்களை அவளே சொல்லட்டும்.